ஐம்பது காசு நாணயத்தை முறைப்படி விலக்கிவிட வேண்டுமா?

கேள்வி: திருச்சிக் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு பல்பொருள் அங்காடியில் கணக்கு எழுதுகிறேன். அண்மையில் பெரியவர் ஒருவர் வீட்டு உண்டியலில் சேர்ந்திருந்த ஐம்பது காசு நாணயங்களைக் கொண்டுவந்து, எட்டு ரூபாய்க்கு எண்ணி மேசைமேல் வைத்தார். கல்லாவில் இருந்த பையன், "எட்டணா எல்லாம் செல்லாது தாத்தா" என்று அத்தனையையும் திருப்பித் தள்ளிவிட்டான். அவரும் வாக்குவாதம் செய்யாமல் பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையில் அந்த நாணயம் செல்லும். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை ஆயிரம் ரூபாய் வரையிலும், அரை ரூபாய் நாணயத்தைப் பத்து ரூபாய் வரையிலும் ஒரு தொகைக்குக் கொடுக்கலாம். ஆக, சட்டம் பெரியவர் பக்கம் இருந்தது. ஆனால் அந்த நாணயங்களை வாங்கிக் கல்லாவில் போட்டிருந்தால், அடுத்து வருபவர் மீதிச் சில்லறையாக அவற்றை ஏற்றிருக்கமாட்டார் என்பதால் பையனையும் முழுதாகக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

என் கேள்வி இதுதான். 25 காசையும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களையும் 2011 ஜூன் 30 முதல் மைய அரசு விலக்கிக்கொண்டதைப் போல, ஐம்பது காசையும் நாள் குறித்து விலக்கிவிடுவதுதான் முறையா, அல்லது இப்போது போலவே ஏட்டில் உயிரோடும் கடைத்தெருவில் செத்தும் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா? விலக்கினால், பில்லின் கடைசியில் வரும் முப்பது காசும் எழுபது காசும் யார் பக்கம் போய்ச் சேரும்? இன்று ஐம்பது காசுக்குச் சொல்லும் நியாயத்தை நாளை ஒரு ரூபாய்க்கும் சொல்வார்களே, அப்போது எங்கே நிறுத்துவது? தொழிலில் இருப்பவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால் நன்றியுடையவனாவேன்.


பதில்: கோவில்பட்டி மளிகை

ஐயா, ஐம்பது காசை விலக்குவதா வேண்டாமா என்று அரசு யோசிக்கவேண்டிய கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. வணிகர்களாகிய நாங்களும் எங்களிடம் வாங்குபவர்களும் சேர்ந்து அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டோம். ஆனால் அதனால் விலைவாசியில் என்ன நேர்ந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. எங்கள் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

தீப்பெட்டியின் சில்லறை விலை 2007-இல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆயிற்று. அதன்பின் 14 ஆண்டுகள் அந்த விலை அசையவில்லை. 2021 டிசம்பர் 1 முதல் 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆயிற்று. இரண்டு முறையும் ஒரே நாளில் விலை இரட்டித்தது. மூலப்பொருள் விலை ஏறியது உண்மைதான். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்கும், மெழுகு 58 ரூபாயிலிருந்து 80 ரூபாய்க்கும் போய்விட்டதாகவும், பெட்டி செய்யும் அட்டையும் கடுமையாக ஏறிவிட்டதாகவும் உற்பத்தியாளர்கள் அப்போது சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அவர்கள் கேட்ட உயர்வு எவ்வளவு என்று பாருங்கள்: 600 பெட்டி கொண்ட ஒரு பண்டலை 270 முதல் 300 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தவர்கள், வரியும் லாரி வாடகையும் நீங்கலாக 430 முதல் 480 ரூபாய் வேண்டும் என்றார்கள். பெட்டிக்கு வகுத்தால் 45-50 காசாக இருந்த ஆலை விலை 72-80 காசாகிறது. அதாவது ஆலையில் ஏறியது ஏறத்தாழ 30 காசு. நீங்கள் கடையில் கூடுதலாகக் கொடுத்தது ஒரு முழு ரூபாய்.

இடையில் நின்ற அந்த 70 காசில் கொஞ்சம் வரிக்கும் வாடகைக்கும் போயிற்று. மற்றது மொத்த வியாபாரிக்கும் என்னைப் போன்ற சில்லறைக் கடைக்காரனுக்கும் கிடைத்தது. இதை நாங்கள் சூழ்ச்சி செய்து பெறவில்லை. 1 ரூபாய் 50 காசு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் எல்லாருக்கும் கட்டுபடியாகியிருக்கும். ஆனால் அந்த ஐம்பது காசைக் கொடுக்கவும் வாங்கவும் கடைத்தெருவில் நாணயம் இல்லை என்பதால் அப்படி ஒரு விலையை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இதில் உற்பத்தியாளரின் நட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. அடுத்த விலைப்படி இரண்டு மடங்கு உயரத்தில் இருந்ததால்தான் 14 ஆண்டுகள் அவர் ஏறத் தயங்கினார். அந்த ஆண்டுகளில் கூலியும் மருந்தும் ஏறிக்கொண்டே இருக்க, விலை மட்டும் நின்றுவிட்டதால் சாத்தூரிலும் எங்கள் பக்கத்திலும் சிறிய ஆலைகள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். கடைசி நாணயம் பெரிதாகப் பெரிதாக, சின்னப் பொருளின் விலை நெடுநாள் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு ஒரேயடியாகத் தாவும். தாவ முடியாத பொருளில் எடையைக் குறைப்பார்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் இன்றும் ஐந்து ரூபாய்தான். உள்ளே இருப்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஐம்பது காசு போகட்டும், அது திரும்பி வரப்போவதில்லை. ஒரு ரூபாய் நாணயத்தின்மீது மட்டும் யாரும் கைவைக்காமல் இருக்கவேண்டும். அதற்குத் தட்டுப்பாடு வரும் நாள்களில் மீதிக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கும் பழக்கம் எங்கள் தெருவில் உடனே தலைதூக்கிவிடுகிறது. அந்த மிட்டாயைத் திருப்பிக் கொண்டுவந்து காசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் எந்தக் கடைக்காரரும் எடுத்துக்கொள்வதில்லை.


பதில்: ஓய்வுபெற்ற காசாளர்

வங்கியில் பணம் வாங்கும் மேசையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

நாணயத்தை அச்சிடுவது மைய அரசு. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச்சாலைகள் உள்ளன. அதைப் புழக்கத்தில் விடுவது மட்டுமே ரிசர்வ் வங்கியின் வேலை. ஐம்பது காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் அதன் கணக்கில் சிறு நாணயங்கள் என்று தனி வரியில் வரும். ஆண்டறிக்கையில் அந்த வரியைத் தொடர்ந்து பார்த்தால், அதன் மதிப்பு சுமார் 700 கோடி ரூபாய் என்று ஆண்டுக்கு ஆண்டு மாறாமலே நிற்பது தெரியும். புதிதாகப் போவதும் இல்லை, திரும்பி வருவதும் இல்லை என்பதுதான் இதன் பொருள். அந்த நாணயங்கள் உண்டியல்களிலும் இழுப்பறைகளிலும் பூசையறைக் கிண்ணங்களிலும் கிடக்கின்றன.

விலக்கவேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் அச்சிடும் செலவைத்தான் முதற்காரணமாகச் சொல்கிறார்கள். 2018-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்டு நாளிதழ்களில் வந்த பதிலின்படி, ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை அடிக்க 1 ரூபாய் 11 காசு ஆகிறது. இரண்டு ரூபாய்க்கு 1 ரூபாய் 28 காசும், ஐந்து ரூபாய்க்கு 3 ரூபாய் 69 காசும், பத்து ரூபாய்க்கு 5 ரூபாய் 54 காசும் ஆகின்றன. ஒரு ரூபாயை அடிக்க ஒரு ரூபாய்க்குமேல் செலவா என்று கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நாணயம் ஒருமுறை கைமாறியதும் தீர்ந்துபோகும் பண்டம் அன்று. துருப்பிடிக்காத எஃகில் அடித்த நாணயம் பல ஆண்டுகள் பல்லாயிரம் கைகள் மாறும். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை 11 காசு கூடுதல் செலவு பெரிதன்று. ஓடாமல் உண்டியலில் படுத்துக்கொண்டால்தான் அது வீண். ஐம்பது காசை விலக்குவதற்கும் ஒரு ரூபாயை வைத்துக்கொள்வதற்கும் இந்த ஒரே அளவுகோல் போதும் என்று நினைக்கிறேன்.

உலோக மதிப்பு முகமதிப்பைத் தாண்டிவிடும் ஆபத்து வேறு வகையானது. 2007 வாக்கில் கொல்கத்தாப் பக்கம் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, நாணயங்களை எல்லை கடத்திக்கொண்டுபோய் உருக்கிச் சவரப் பிளேடு செய்கிறார்கள் என்ற செய்திகள் வந்தன. அதன்பின் நாணயங்களின் அளவைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தார்கள். 1992 முதல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் அகலம். 2011 வரிசையில் அது ஏறத்தாழ 22 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. 1988 முதல் வந்த எஃகு ஐம்பது காசும் அதே 22 மில்லிமீட்டர்தான். இரண்டையும் கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் எது எது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

என் அச்சம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியால் தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் பட்ட அவதி நம் எல்லாருக்கும் தெரியும். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. 14440 என்ற எண்ணுக்கு அழைத்தால் பதிவுக் குரலில் விளக்கம் சொல்லும் ஏற்பாடும் செய்தது. அப்படியும் நடத்துநர் வாங்க மறுத்தார், டீக்கடைக்காரர் வாங்க மறுத்தார். ஐம்பது காசை விலக்குவதாக நாளை ஓர் அறிவிப்பு வந்தால், "சின்னக் காசெல்லாம் செல்லாதாம்" என்றுதான் அது ஊருக்குள் போய்ச் சேரும். அதே அளவில் இருக்கும் ஒரு ரூபாயை மறுநாளே மறுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இத்தனை சொன்னாலும் நான் விலக்கவேண்டும் என்ற கட்சிதான். 25 காசை விலக்கும் அறிவிப்பு 2010 டிசம்பரிலேயே வந்துவிட்டது. சிறு நாணயக் கிடங்கு வைத்திருந்த வங்கிக் கிளைகளில் 2011 ஜூன் 29 வேலை நேரம் முடியும் வரை முகமதிப்புக்கே மாற்றிக்கொடுத்தார்கள். அப்போது சாதாரண மனிதருக்கு ஒரு நாளும் ஓர் இடமும் சொல்லப்பட்டன. இன்று ஐம்பது காசு வைத்திருப்பவருக்கு நடைமுறையில் அந்த இரண்டும் இல்லை.


பதில்: கிள்ளான் வாசகர்

மலேசியாவில் நாங்கள் இதைக் கடந்து வந்திருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். இங்கே 2008 ஏப்ரல் 1 முதல் ஒரு சென் நாணயத்தைப் பயன்படுத்தாமல், பில் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குச் சரிசெய்யும் முறை நடப்பில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, ஆறு, ஏழு என முடிந்தால் கீழே இறங்கும். மூன்று, நான்கு, எட்டு, ஒன்பது என முடிந்தால் மேலே ஏறும். பொருளின் விலைச்சீட்டில் 1 ரிங்கிட் 99 சென் என்று போடுவதை யாரும் தடுக்கவில்லை; மொத்தக் கூட்டலை மட்டும்தான் சரிசெய்வார்கள். ரசீதின் அடியில் அந்தக் கழிவோ கூட்டலோ தனி வரியாக அச்சாகி வரும்.

கனடாவில் 2012 மே மாதத்தில் கடைசி ஒரு சென்ட் நாணயத்தை அடித்து, 2013 பிப்ரவரி 4 முதல் அதை வினியோகிப்பதையும் நிறுத்தியபோது ஏறக்குறைய இதே முறையைத்தான் வைத்தார்கள். ரொக்கத்துக்கு மட்டும் சரிசெய்தல், அட்டையில் கட்டினால் துல்லியத் தொகை. அமெரிக்காவிலோ 2025 நவம்பரில் ஒரு சென்ட் அடிப்பதை நிறுத்திவிட்டார்களே தவிர, கடைகள் எப்படிச் சரிசெய்யவேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரு விதியை அதற்கு முன்பே வகுத்துவைக்கவில்லை.

திருச்சி நண்பர் கேட்ட "யார் பக்கம் போகும்" என்பதற்கு விடை, நாணயத்தைவிட இந்த விதியில்தான் இருக்கிறது. நிறையப் பொருள் வாங்குபவருக்கு ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்து ஏறத்தாழச் சமமாகிவிடும். ஒரே ஒரு பொருள் வாங்குபவருக்குத்தான் கடைக்காரர் விலையை வைக்கும்போதே மேலே ஏறும்படி வைக்க வழி இருக்கிறது. கோவில்பட்டி ஐயா சொன்ன தீப்பெட்டி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதற்கு எங்கள் விதியும் மருந்தாகாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.


பதில்: மாதவரம் வாசகி

மேலே எழுதிய மூவருமே ஐம்பது காசு போய்விட்டது என்ற முடிவோடு தொடங்குகிறீர்கள். அரசின் விலைப்பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. நியாயவிலைக் கடையில் சர்க்கரை விலையை 2017 நவம்பரில் கிலோ 13 ரூபாய் 50 காசிலிருந்து 25 ரூபாயாக உயர்த்தியபோது, அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் மிக ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் பழைய 13 ரூபாய் 50 காசே தொடரும் என்றார்கள். சலுகை என்று கொடுத்த விலையிலேயே, கையில் யாரிடமும் இல்லாத ஒரு நாணயத்தை வைத்துக் கட்டிவிட்டார்கள். அந்த அரை ரூபாயை எடைபோடுபவர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்?

பாலிலும் இதைப் பார்த்தோம். ஆவின் நீலநிறப் பால் 2019 ஆகஸ்டில் லிட்டர் 43 ரூபாய் ஆனபோது அரை லிட்டர் 21 ரூபாய் 50 காசு ஆயிற்று. 2021 மே மாதத்தில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகுதான் அரை லிட்டர் 20 ரூபாய் என்று முழுமையாயிற்று. இடைப்பட்ட காலத்தில் கைபேசியில் பணம் கட்டியவருக்கு 21 ரூபாய் 50 காசு மட்டும் கழிந்தது. காலையில் ஒரே ஒரு பாக்கெட்டை நாணயம் கொடுத்து வாங்கியவர் 22 ரூபாய் கொடுத்துவிட்டு, மீதியை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் பிறகு மறந்துபோனார். யுபிஐ வழியாக மாதம் 2000 கோடிப் பரிவர்த்தனை நடக்கும் நாட்டில் நாணயத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள், அந்தப் பரிவர்த்தனைக்குள் வராமல் நிற்பவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். காசு இல்லாத விலையின் சுமை அவர்கள்மேல்தான் விழுகிறது.

நாணயத்தை விலக்குவதற்கு நான் எதிரியல்ல. முதலில் அரசு தான் விற்கும் பொருள்களின் விலையை முழு ரூபாய்க்குக் கொண்டுவரட்டும். அதையும் கீழ்நோக்கிக் கொண்டுவரட்டும். 13 ரூபாய் 50 காசை 13 ஆக்குவதில் கருவூலம் கவிழ்ந்துவிடாது.


பதில்: கோவில்பட்டி மளிகை

அம்மா சொல்வது சரி. தொடங்கவேண்டிய இடம் அதுதான். என் பதிலில் நான் அதைத் தொடவில்லை.

ஒரு ரூபாய் வரைக்கும் வந்துவிடுவார்களா என்று திருச்சி ஐயா கேட்டிருந்தார். விலைக்காக இல்லாவிட்டாலும் வேறொன்றுக்காக அது இங்கே நெடுநாள் நிற்கும் என்றுதான் தோன்றுகிறது. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று மொய் எழுதும் ஊரில் ஒற்றை ரூபாய் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடக்காது. நாணயத்தை முன்கூட்டியே ஒட்டிவைத்த மொய்க் கவர் என் கடையிலேயே முகூர்த்த மாதங்களில் கட்டுக்கட்டாகப் போகிறது. அரசு இதையெல்லாம் பார்த்து முடிவெடுக்காது, தெரியும். ஆனால் தேவை இருக்கும் நாணயம் கைமாறிக்கொண்டே இருக்கும். கைமாறும் வரை அதை விலக்கக் காரணம் இல்லை என்று காசாளர் ஐயாவே எழுதிவிட்டார்.


மறுமொழி: திருச்சிக் கணக்கர்

எல்லாருக்கும் நன்றி. எங்கள் முதலாளியிடம் பேசி இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். ரொக்கமாகக் கட்டுபவர்களுக்குப் பில்லின் கடைசிக் காசுகளை, எத்தனையாக இருந்தாலும், கீழே இறக்கிவிடுவது. அந்தக் கழிவைக் கிள்ளான் நண்பர் சொன்னதுபோல் பில்லில் தனி வரியாகக் காட்டுவது. ஐம்பது காசு கொண்டுவருபவர்களிடம் சட்டம் சொல்லும் பத்து ரூபாய் வரை வாங்கிக்கொள்ளும்படி பையனுக்கும் சொல்லியாயிற்று. அப்படிச் சேரும் நாணயங்களை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பது மட்டும் புரியவில்லை. எங்கள் கணக்கு இருக்கும் கிளையில் கேட்டதற்கு, "அதையெல்லாம் நாங்கள் வாங்குவதில்லை" என்றார்கள். பத்து ரூபாய் வரம்பு வங்கிக்கும் உண்டா?


பதில்: ஓய்வுபெற்ற காசாளர்

இல்லை. அந்த வரம்பு ஒருவருக்கொருவர் கொடுக்கவேண்டிய தொகையைத் தீர்ப்பதற்கு மட்டுமே. வாடிக்கையாளர் வங்கியில் செலுத்தும் நாணயத்துக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. செல்லத்தக்க எல்லா நாணயங்களையும் எல்லாக் கிளைகளும் ஏற்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது, அதில் ஐம்பது காசும் அடங்கும். நாணயங்களை நூறு நூறாகப் பாலித்தீன் உறைகளில் போட்டுக் கொண்டுபோனால் காசாளருக்கும் எளிது என்று அந்தச் சுற்றறிக்கைகளே சொல்கின்றன. அப்படியே கட்டிக்கொண்டு, கூட்டம் இல்லாத பிற்பகல் நேரத்தில் போய்க் கிளை மேலாளரையே பாருங்கள். அப்போதும் மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுத்து, முப்பது நாளில் தக்க பதில் வராதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.